சித்திரத் தொழிலும் சீவனமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடலைப் பேணுதல் வேண்டும் என்று அறிவுறுத்தும்போது பெரியோர் இதனை எடுத்துக்காட்டுவர். ஆயினும் சித்திரம் எழுதுவோனையே நோக்கி இப்பழமொழியைச் சொல்லிப் பார்ப்போமாயின், வேறொரு பொருளும் தோன்றுகின்றது. சித்திரக்காரனுக்குச் சுவராவது யாது? அவன் உண்ணும் சோறும், உறையும் வீடும், வண்ணமும் துணியும் வாங்குதற்குரிய பொருளுமே அன்றோ?

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் கைவன்மையுடைய மாணாக்கர் சிலரைக் காண்கின்றோம். குறிப்பேட்டின் ஓரங்களில் ஆசிரியர் முகங்களை அவர்கள் எழுதி வைத்திருப்பதைக் கண்டு, கோபிப்பதா வியப்பதா என்று அறியாது நாம் நின்றதும் உண்டு. அவர்களுள் ஒருவன், 'நான் ஓவியனாவேன்' என்று வீட்டிற் சொல்வானாயின், தந்தையார் கேட்கும் வினா ஒன்றே: 'எதைக் கொண்டு பிழைப்பாய்?' இவ்வினாவை நாம் இகழ்தல் தகாது. மகன்மேல் வைத்த அன்பினால் எழுந்த வினா அது. ஆனால் அதனை விடையில்லாத வினா என்று கருதிக் கைவிடுதலும் தகாது. தம் வாழ்நாளையே அதற்கு விடையாகத் தந்த ஒருவர் 18-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்திருந்தார். அவர் பெயர் வில்லியம் ஹோகார்த். அவர் எழுதிய சித்திரங்களின் அழகை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. அவற்றை அவர் எவ்வாறு விற்றார், எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்பதையே சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

ஓவியன் பொருளீட்டும் வழிகள் அக்காலத்தில் மூன்று இருந்தன. செல்வர் ஒருவரை அடுத்து அவர் விரும்பியதை எழுதிக் கொடுத்தல் முதல் வழி. கடைக்காரரிடம் தன் வேலையை விற்று, அவர் கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளுதல் இரண்டாவது. பொதுமக்கள் பலரிடம் தானே நேரிற் சென்று சிறு சிறு விலைக்கு விற்றல் மூன்றாவது. முதல் வழியில் செல்வர் முகம் வாடினால் ஓவியன் வயிறு வாடும். இரண்டாம் வழியில் உழைப்பு ஒருவருடையதாகவும் ஊதியம் மற்றொருவருடையதாகவும் முடியும். மூன்றாம் வழியை அந்நாளில் நன்கு செப்பனிட்டவர் ஹோகார்த் எனலாம்.

அவர் இவ்வழியை நாடியதற்குக் காரணம் அவர்தம் இளமையிலேயே உளது. அவர் 1697-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ரிச்சர்டு ஹோகார்த் இலத்தீன் மொழி கற்பித்த பள்ளியாசிரியர், நூல்களும் எழுதியவர். வருவாய் போதாமையால், வருவோர் இலத்தீனிலேயே உரையாடத்தக்க காப்பிக் கடை ஒன்றை அவர் திறந்தார். அதில் இலாபம் வந்திலது, கடனே வந்தது. கடன்பட்டார்க்குரிய பிளீட் சிறையில் அக்குடும்பம் சில ஆண்டுகள் கழிக்க நேர்ந்தது. பின்னர் அவர் அரும்பாடுபட்டுத் தொகுத்த இலத்தீன் அகராதியும் புத்தக வியாபாரிகளால் பயனிழந்தது. 1718-இல் அவர் மனமுடைந்து இறந்தார். கற்றவர் ஒருவர் தம் எழுதுகோலை நம்பி வாழ்ந்து, அதனை விற்போர் கையில் அகப்பட்டு அழிந்ததை மகன் கண்ணாரக் கண்டார். பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பிலும் அதனை மறவாது எழுதி வைத்தார்.

1714-இல் அவர் வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் வெட்டும் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1720-இல் தாமே ஒரு சிறு தொழிற்கூடம் அமைத்துக் கடைகளுக்குரிய விளம்பரச் சீட்டுகளையும் புத்தகப் படங்களையும் செப்புத் தகட்டில் வெட்டித் தரலானார். இத்தொழிலின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் நலம். செப்புத் தகட்டின்மேல் மெழுகு முதலியன கலந்த பூச்சைத் தடவி, அதன்மேல் ஊசியால் உருவத்தைக் கீறுவர். பின்பு தகட்டைத் திராவகத்தில் இடுவர். மெழுகு நீங்கிய கீற்றுகளை மட்டும் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். கூரிய உளியால் நேரே வெட்டுதலும் உண்டு. அப்பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்புறத்தைத் துடைத்து, நனைத்த காகிதத்தை மேலிட்டு உருளைகளுக்கிடையே அழுத்தினால், காகிதத்தில் படம் இடவலம் மாறிப் பதியும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கலாம். தகடு தேயுமாயின் மீண்டும் கீறிச் செப்பனிடலாம். ஆகவே தகட்டை உடையவனுக்கு அஃது ஒரு நன்செய் நிலத்தை ஒக்கும். ஒரு முறை உழைத்துப் பண்படுத்தினால் பல போகம் விளையும்.

ஆனால் நிலத்திற்கு வேலி இல்லாவிட்டால் விளைவை உண்பவர் வேறாவர். 1724-இல் ஹோகார்த் தம் சொந்தச் செலவில் முகமூடிக் களியாட்டங்களையும் இத்தாலிய இசைநாடகங்களையும் எள்ளும் படம் ஒன்றை வெளியிட்டு, ஒரு ஷில்லிங்கு விலை வைத்தார். படம் மக்களுக்கு உவப்பாயிற்று. உடனே வேறு சிலர் அதனைப் பார்த்துத் தகடு வெட்டி, பாதி விலைக்கு விற்கத் தலைப்பட்டனர். ஓவியர் தம் படங்களைக் கடைகளின் வாயிலாகவன்றி விற்க இயலாத நிலைமை அன்று இருந்தது. கடைகளிலோ கள்ளப் படமே முன்னே தொங்கியது. அச்செயலைக் குற்றமென்று கூறும் சட்டம் ஒன்றும் நாட்டில் இருந்திலது. புத்தகம் எழுதியவருக்கு 1710-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்திருந்தது. படம் எழுதியவருக்கு அஃது இல்லை.

1729-இல் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் மகளாரை ஹோகார்த் மணந்தார். குடும்பச் செலவு பெருகவே, செல்வர் குடும்பங்கள் கூடியிருக்கும் சிறு சித்திரங்களை எண்ணெய் வண்ணத்தில் எழுதி வந்தார். அதிற் புகழ் வந்தது; ஆனால் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே எழுதும் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் வரவில்லை. அப்பொழுதுதான் அவர் புதியதொரு துறையிற் புகுந்தார். நாட்டுப்புறத்திலிருந்து இலண்டனுக்கு வந்து தீய நெறியில் வீழ்ந்து மாண்ட ஒரு பெண்ணின் கதையை ஆறு சித்திரங்களாக எழுதினார். அவற்றைத் தம் வீட்டிலேயே காட்சிக்கு வைத்தார். அவற்றின் படியாகச் செப்புத் தகடுகளையும் தாமே வெட்டினார். படக் கடைக்காரரை நாடவில்லை. செய்தித்தாளில் விளம்பரம் செய்து கையொப்பம் வாங்கினார்.

கையொப்பம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிட்டபோது, அச்சுச் செலவிற்காக முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தமையை அறிவோம். ஹோகார்த்தின் முறையும் அதனை ஒத்ததே. ஆறு படங்களுக்கும் சேர்த்து விலை ஒரு கினி, அஃதாவது 21 ஷில்லிங்கு. அதிற் பாதியைக் கையொப்பம் இடுங்கால் கொடுத்தல் வேண்டும். மறுபாதியைப் படம் பெறுங்கால் கொடுத்தல் வேண்டும். பணம் பெற்றுக்கொண்டதற்கு அவர் தந்த சீட்டிலும் அழகிய சிறு படம் ஒன்று அச்சிடப்பெற்றிருந்தது. இதனால் விளைந்த நன்மைகள் பல. காகிதத்திற்கும் அச்சிற்கும் வேண்டிய முதல் வாங்குவோரிடமிருந்தே கிடைத்தது. எத்தனை படிகள் வேண்டும் என்பது முன்னரே தெரிந்தது. இடையில் நின்று இலாபத்தைப் பங்கிடுவாரும் இலராயினர்.

1732-இல் படங்கள் வெளிவந்தபோது கையொப்பமிட்டிருந்தோர் தொகை ஆயிரத்திற்கு மேற்பட்டது. ஆயிரத்திற்கு மேற்பட்ட கினிகளை ஓர் ஓவியர் ஒரே முயற்சியில் ஈட்டினார். அவற்றின் மூலமாகிய ஆறு எண்ணெய்ச் சித்திரங்களையும் 1745-இல் அவர் விற்றபோது கிடைத்த விலை, சித்திரம் ஒன்றுக்கு 14 கினி. ஆறுக்கும் சேர்த்து 84 கினிதான். நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை இக்கணக்கிலே அடங்கியுள்ளது. அருமையான ஒரு பொருளைச் செல்வர் ஒருவர்க்கு விற்பதினும், அதன் படிகளை நடுத்தர மக்கள் பலர்க்கு விற்பதே ஓவியனுக்கு உறுதியான வாழ்வைத் தருவதாயிற்று. மற்றொன்றும் கூறுதல் வேண்டும். அவ்வாறு சித்திரங்களும் 1755-இல் வாங்கினவருடைய மாளிகையில் நேர்ந்த தீயில் அழிந்தன. இன்று அக்கதை உலகிற்குத் தெரிவது, சாதாரண மக்கள் வாங்கிச் சுவரில் மாட்டிய காகிதப் படங்களாலேயே.

ஆனால் இவ்வெற்றியும் கள்ளப் பதிப்புக்கு இரையாயிற்று. பல கடைகளில் அப்படங்களின் போலிகள் தோன்றின. ஹோகார்த் அடுத்த கதையை, ஊதாரி இளைஞன் ஒருவன் தந்தை தேடிய பொருளையெல்லாம் அழித்து முடிவில் பித்தர் விடுதியை அடைந்த வரலாற்றை, எட்டுச் சித்திரங்களாக எழுதத் தொடங்கினார். ஆனால் அவற்றை வெளியிடவில்லை. வேறு சில ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு 1735-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் செய்தார். படம் வரைந்து வெட்டுவோர் கடைக்காரர்களால் படும் அல்லலை விளக்கிச் சிறு வெளியீடு ஒன்றும் பரப்பப்பெற்றது. அவ்வாண்டிலேயே சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின் கூறுகள் எளியன. தாமே கருதி வரைந்து வெட்டிய படத்தை அச்சிடும் உரிமை, வெளியிட்ட நாள் முதல் 14 ஆண்டுகள் அவர்க்கே உரியது. அதற்கு உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டில் வெட்டப்பெற்றிருத்தல் வேண்டும். கள்ளப் பதிப்புச் செய்தால் அவன் தகடு பறிமுதலாகி அழிக்கப்பெறும். அவனிடம் அகப்படும் ஒவ்வொரு படிக்கும் ஐந்து ஷில்லிங்கு தண்டமும் உண்டு. இச்சட்டம் 1735 ஜூன் மாதம் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஹோகார்த் தம் எட்டுப் படங்களை மறுநாள் வெளியிட்டார். கையொப்பமிட்டவர்கள் பொருள் கொடுத்துக் காத்திருந்தும், வேலி அடைபடும் வரை அவர் விதையைக் காட்டினாரல்லர். அப்பொழுதும் சிலர், சித்திரம் காண வருவார்போல் ஆட்களை அவர் வீட்டிற்கு அனுப்பி, கண்டதை மனத்திற் கொண்டு போலிப் படங்களை வரைவித்துச் சட்டத்தை முந்திக்கொண்டனர். அதற்கு அவர் செய்த மாற்று வியக்கத்தக்கது. வழக்காடிக் காலம் போக்காமல், சிறிய அளவிலான மலிவுப் படிகளைத் தம் இசைவோடு வெட்டச் செய்து, எட்டுக்கும் சேர்த்து இரண்டரை ஷில்லிங்கு விலையில் வெளிவரச் செய்தார். பெரிய படங்களின் விலை இரண்டு கினி. கள்ளன் விற்கும் விலைக்கே உரியவனும் விற்பானாயின், கள்ளனைத் தேடிச் செல்வார் யாவர்?

வாங்குவோரின் நிலைக்கேற்ப விலை வகுத்தல் அவர்க்குக் கைவந்த கலையாயிற்று. உழைக்கும் தொழிற்பயிற்சியாளன் உயர்வதையும் சோம்பியவன் கெடுவதையும் காட்டும் 12 படங்களை 1747-இல் வெளியிட்டு, படம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங்காக வைத்தார். சாராயத்தால் ஏழை மக்கள் அழியும் கொடுமையைக் காட்டும் படத்தையும் அதன் இணையையும் 1751-இல் ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். நேர்த்தியான படி வேண்டுவோர்க்கு ஒன்றரை ஷில்லிங்கு. வீட்டையே கடையாக அமைத்தார். தக்கைத் துண்டுகளை ஒட்டித் தலையுருவம் ஒன்றைத் தாமே செய்து, பொன்முலாம் பூசி வாயிலில் அடையாளமாக வைத்தார்.

காட்சிக்கு இடமில்லாக் குறையையும் அவர் தீர்க்க முயன்றார். 1739-இல் அரச சாசனம் பெற்ற அனாதைக் குழந்தைகள் விடுதி ஒன்று இலண்டனில் தோன்றியபோது, தாமும் பிற ஓவியரும் தம் சித்திரங்களை அதற்கு நன்கொடையாகத் தருமாறு செய்தார். குழந்தைகளைக் காணவந்த பெருமக்கள் சித்திரங்களையும் கண்டனர். குழந்தைகளுக்கும் உதவி பெருகிற்று. உயிரோடிருக்கும் ஆங்கில ஓவியரின் வேலையைப் பொதுமக்கள் காண ஓரிடமும் ஏற்பட்டது. 1750-இல் பெரிய சித்திரம் ஒன்றைக் குலுக்குச் சீட்டின் வாயிலாக விற்றபோது, விற்காமல் எஞ்சிய சீட்டுகளை அவ்விடுதிக்கே அளித்தார். அச்சீட்டுகளுள் ஒன்றுக்கே சித்திரம் விழுந்தது.

இனி அவர் தோல்வியையும் மறையாது கூறுதல் வேண்டும். அச்சுப் படத்தால் வாழ்ந்த அவர், தம் எண்ணெய்ச் சித்திரங்களுக்கும் தக்க விலை பெற வேண்டுமென்று விழைந்தார். அன்றைய செல்வரோ பழைய இத்தாலிய ஓவியரின் பெயர் பொறித்தவற்றுக்கே பொன்னைச் சொரிந்தனர். அவற்றுட் பல போலிகளாயினும் அஞ்சினாரல்லர். பொருளுக்காகச் செய்யும் மணத்தின் கேட்டைக் காட்டும் ஆறு சித்திரங்களை ஹோகார்த் 1751-இல் விற்பனைக்கு வைத்தார். வழக்கமான ஏல முறையை விடுத்துத் தாமே வகுத்த விதிகளின்படி விற்க முற்பட்டார். குறித்த நாளில் வந்தவர் மிகச் சிலர். ஆறும் சேர்ந்து 120 கினிக்குப் போயின. சட்டங்களுக்கு மட்டுமே ஒவ்வொன்றுக்கும் நான்கு கினி செலவாகியிருந்தது. 1824-இல் இலண்டன் தேசிய ஓவியச்சாலை தொடங்கப்பெற்றபோது அச்சித்திரங்கள் அதன் முதற் செல்வங்களுள் இடம் பெற்றன. ஆனால் அப்பெருமையைக் காண எழுதியவர் இல்லை. தமக்குப் பழக்கமான சந்தையின் இயல்பை நுணுகி அறிந்த அவரே, மற்றொரு சந்தையின் இயல்பை மதியாது சினந்து புகுந்தமையால் இடருற்றார்.

1764-இல் அவர் காலமானபோது மனைவியார்க்கு விட்டுச்சென்ற சொத்துகளுள் தலையாயவை அச்செப்புத் தகடுகளே. அம்மையார் அவற்றை அச்சிட்டு விற்றுச் சீவித்தார். 1767-இல் வந்த மற்றொரு சட்டம் உரிமைக் காலத்தை 28 ஆண்டுகளாக நீட்டியதோடு, அவ்வம்மையார்க்குக் கணவர் படங்களின்மேல் தனியே 20 ஆண்டு உரிமையும் வழங்கிற்று. அக்காலம் முடிந்தவுடன் அவர் வருவாய் சுருங்கிற்று. இராயல் அகாடமியார் ஆண்டுக்கு 40 பவுன் உதவித்தொகை தர வேண்டியதாயிற்று. வேலி எவ்வளவு காலம் நின்றதோ, அவ்வளவு காலமே விளைவும் வீடு வந்து சேர்ந்தது என்பதை இதனால் அறிக.

நம் நாட்டிலும் இவ்வழியை முயன்ற பெரியார் உளர். மன்னர்களுக்குச் சித்திரம் எழுதிப் பெரும்புகழ் பெற்ற இரவிவர்மா, தம் சித்திரங்களின் படிகள் எளியோர் வீட்டுச் சுவரிலும் விளங்கவேண்டி 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவினார். படங்கள் நாடெங்கும் பரவின. ஆயினும் அச்சுக்கூடம் கடனில் ஆழ்ந்தது. சில ஆண்டுகளில் அதனை ஜெர்மானியர் ஒருவர்க்கு விற்க நேர்ந்தது. ஹோகார்த் தம் கையளவில் தொழிலை நடத்தினார். இரவிவர்மா பெரிய இயந்திரங்களையும் ஆட்களையும் வைத்து நடத்தினார். பலர்க்கு விற்பது நன்றேயாயினும், விற்பனைக்கு ஆகும் செலவை வருவாய் தாங்குமா என்று பார்த்தலும் ஓவியன் கடமையே என்பது இவ்விரு வரலாறுகளாலும் விளங்கும்.

இனி இன்றைய நிலையில் நம் மாணாக்கர் அறிய வேண்டுவன சில உள. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சித்திரம் எழுதியவர்க்குரிய உரிமை அவர் வாழ்நாள் முழுதும், இறந்த பின் 60 ஆண்டுகளும் நிற்கும். அதற்குப் பதிவு செய்தல் கட்டாயமன்று. சித்திரத்தை ஒருவர் விலைக்கு வாங்கினால் அப்பொருள் அவருடையதாகுமேயன்றி, அதனைப் படியெடுத்து விற்கும் உரிமை அவரைச் சேராது. உரிமையை மாற்றுவதற்குக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். ஆனால் ஒருவர் பொருள் கொடுத்துத் தமக்கென எழுதச் சொன்ன சித்திரமாயின், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, படியெடுக்கும் உரிமை எழுதச் சொன்னவரைச் சாரும். ஆகவே தூரிகையை எடுக்குமுன் ஓர் ஏட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுதல் அறிவுடைமை. மூலச் சித்திரம் பின்னொரு நாள் பதினாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையாகுமாயின், எழுதியவரும் அவர் வாரிசும் அவ்விலையில் ஒரு பங்கு கோரவும் சட்டம் இடந்தருகின்றது. அப்பங்கு பத்தில் ஒன்றுக்கு மேற்படாது. கைப்பேசியில் எடுத்த படம் கணப்பொழுதில் உலகெங்கும் செல்லும் இந்நாளில், ஹோகார்த்தின் வீட்டிற்கு வந்து கண்டதை மனத்திற் கொண்டு சென்ற ஆட்களை நினைத்தால் நகைப்பே தோன்றுகின்றது. களவு எளிதாயிற்று, ஆதலின் வேலியை அறிதலும் இன்றியமையாததாயிற்று.

மாணாக்கனே, உன் தந்தையார் வினாவுக்கு நீ கூறத்தக்க விடை இதுவேயாம்: 'ஒருவரையே நம்பி எழுதேன், பலர் வாங்கத்தக்க விலையிலும் ஒன்று செய்வேன். தகட்டை விடாது படியை விற்பேன். எழுத்தில்லாமல் உரிமையைக் கொடேன். எந்தச் சந்தையில் விற்கின்றேனோ, அதன் இயல்பை முதலில் அறிவேன்.' இவ்வாறு சொல்லும் மகனைத் தந்தையார் எளிதில் மறுக்க மாட்டார்.

மாணாக்கர்க்கே அறிவுரை கூறி நிறுத்துதல் முறையன்று. ஆசிரியராகிய நமக்கும், பழைய மாணவராகிய அன்பர்க்கும் ஒரு பங்கு உண்டு. ஆண்டுவிழாவிற்கு இரவு முழுதும் கண்விழித்துத் திரை தீட்டிய இளைஞனுக்கு நாம் இதுகாறும் கொடுத்து வந்தது யாது? கைதட்டலும் ஒரு குவளைக் காப்பியுமே. அழைப்பிதழை அச்சிட்டவர்க்கு நாம் பணம் கொடுக்கின்றோம், பந்தலிட்டவர்க்கும் கொடுக்கின்றோம், அழைப்பிதழின் முகப்பை வரைந்தவனுக்கு நன்றி மட்டும் நவில்கின்றோம். சுவர் கட்டாமல் சித்திரத்தை எதிர்பார்ப்பவர் நாமே அல்லமோ? ஹோகார்த்தை வாழ்வித்தவர் மன்னரல்லர். அரைக் கினியை முன்னே கொடுத்துக் கையொப்பமிட்ட ஆயிரம் சாதாரண மக்களே. அவ்வாயிரவருள் ஒருவராதல் நம்மில் எவர்க்கும் இயலும்.